பருத்திமார் வட்டு

போன மாதம் எங்கள் பழைய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். புதிதாகச் சேர்ந்திருக்கும் விஞ்ஞானி. அங்கே இப்போது புதுப் பொருள்களுக்காக அரைக்கும் நார்க்கூழில் சோடாவின் காரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு மிஷின் வந்திருக்கிறதாம். அதுவே தொட்டிக்குள் கம்பியை இறக்கி, அதுவே அளந்து, கம்ப்யூட்டரில் அதுவே எழுதிக்கொள்கிறதாம். யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. உங்கள் காலத்தில் எப்படிப் பார்த்தீர்கள் என்று நிலையத்து மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னாள். சரி என்றேன். உட்கார்ந்து எழுதினால் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இருபத்தாறு வருஷ வேலையில் நான் போட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை. முழுசாக நினைவில் நிற்பது ஒன்றுதான். அதைச் சொன்னால் மற்றது தானாக வந்துவிடும்.

என் பெயர் ரஹ்மத் பீவி. விருதுநகரில் பிறந்தவள். அத்தாவுக்கு மல்லி, வத்தல் கமிஷன் மண்டி. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி போனது நான். கெமிஸ்ட்ரி படித்தேன். பிறகு ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் பிப்பெட் கழுவி, கரைசல் கலக்கி, பரீட்சைக்கு உப்புப் பொட்டலம் மடித்துச் சில வருஷங்கள் போயின. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கை நடுங்காமல் ஊற்றவும், கண்ணில் பட்டதை அப்படியே எழுதவும் அங்கே பழகினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருஷங்களில் மத்திய அரசு ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டம் கொண்டுவந்தது. மண்ணைக் கெடுக்காத புதுப் பொருள்களைக் கண்டுபிடிப்பது அதன் நோக்கம். நாடு முழுக்க நிலையங்கள். ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த ஊரில் கிடைக்கிற கழிவையும் அந்த ஊர்த் தொழிலையும் சேர்த்து ஒரு வேலை கொடுத்தார்கள். தென்னை நார் இருந்த இடத்தில் தென்னை நார், சணல் இருந்த இடத்தில் சணல். எங்களுக்கு வந்தது பருத்திமார். பஞ்சு எடுத்து முடிந்ததும் கரிசல் காட்டில் நிற்கிற செடியின் குச்சி. அதுவரைக்கும் அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

அந்தக் குச்சியைக் கூழாக்கி, புளியங்கொட்டைப் பசையோடு அச்சில் அழுத்தி, தரைச்சக்கரப் பட்டாசின் நடுவில் வைக்கும் வட்டைச் செய்ய வேண்டும். அப்போது அந்த வட்டு பிளாஸ்டிக்கில் வந்துகொண்டிருந்தது. தீபாவளி மறுநாள் ஊர் ஊராகத் தெருவில் கிடப்பது அதுதான். இன்னொரு காரணமும் உண்டு. பிளாஸ்டிக்கை உரசினால் மின்சாரம் ஏறும். வெடிமருந்து இருக்கும் அறையில் கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று போதும். கூழில் செய்த வட்டு அப்படி மின்சாரம் பிடிக்காது. ஆகவே குப்பையும் குறையும், ஆளும் பிழைக்கும் என்பது திட்டத்தின் எண்ணம்.

நிலையத் தலைவர் டாக்டர் அழகர்சாமி. காரியாபட்டிப் பக்கம் ஒரு கிராமம், பருத்தி வெள்ளாமை செய்த சம்சாரி வீடு. என்னைவிட ஒன்பது வயது இளையவர். நான் சார் என்பேன், அவர் அக்கா என்பார். வந்த முதல் நாள், குச்சியைக் கையில் முறித்து, உள்ளே பஞ்சுபோல் இருந்த வெள்ளைச் சோற்றை நகத்தால் கிள்ளிப் பார்த்துவிட்டு, இது மானாவாரிச் செடி, தண்ணி பாய்ச்சினது இல்லை என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஏதாவது தப்பாகிவிட்டால் முதலில் ஒரு பென்சிலும் வெள்ளைத் தாளும் எடுத்துக்கொண்டு நம் எதிரே உட்காருவார். "கை என்ன செஞ்சுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. மனசு என்ன நெனச்சுச்சுங்கறத அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். நாம் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். எந்தக் கையில் பாட்டிலை எடுத்தோம், மூடியை எங்கே வைத்தோம் என்பதுவரை கேட்பார். நான் நினைத்தேன், நான் எண்ணினேன் என்று ஆரம்பித்தால் பென்சில் நின்றுவிடும். இந்தப் பழக்கத்தால் எங்கள் நிலையத்தில் சாக்குச் சொல்வது மெல்ல மெல்ல இல்லாமலே போனது.

வேலை இப்படி. பருத்திமாரை நறுக்கி, காஸ்டிக் சோடா போட்ட தண்ணீரில் வேகவைப்போம். நார் இளகும். ஆனால் கூழில் சோடாவின் காரம் தங்கிவிடும். அந்தக் காரம் அப்படியே வட்டில் இருந்தால், ஈரம் பட்டவுடன் மருந்தில் இருக்கும் அலுமினியப் பவுடரோடு சேர்ந்து சூடாகும். அதனால் கூழை மூன்று தொட்டிகளில் பிரித்துப் போட்டுத் தண்ணீர் மாற்றி மாற்றி அலச வேண்டும். கடைசியில் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். தாள் நீலமானால் இன்னும் காரம் இருக்கிறது, மறுபடி அலசணும். சிவப்பாகவே நின்றால் போதும், அச்சுக்கு அனுப்பலாம். தொட்டி தொட்டியாகப் பார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

இரண்டு வருஷம் கழித்து வட்டு நன்றாக வந்தது. கல்லில் அடித்தாலும் உடையவில்லை, மழையில் போட்டால் சில வாரத்தில் மண்ணாகப் போனது. ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனி சோதனைக்கு ஒப்புக்கொண்டது. முறையாக அனுமதி வாங்கி, சீசன் ஆர்டருக்கு நடுவே ஒரு வாரம் எங்கள் வட்டில் சக்கரம் சுற்றித் தருவதாகப் பேச்சு.

அந்த வருஷம் கோடை கொடுமையாக இருந்தது. நிலையத்துப் போர்வெல் காற்றை இழுத்தது. ஆனைக்குட்டம் அணையில் தரை தெரிந்தது. அலசுவதற்கு லாரித் தண்ணீர்தான். கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய கடைசி லோடுக்கான கூழ் மூன்று தொட்டியிலும் கிடந்தது. லாரி மத்தியானத்துக்கு மேல் வந்தது, அதிலும் முக்கால்வாசிதான்; மூன்றாவது தொட்டிக்கு வரும்போது தண்ணீர் இழுபறி. அச்சு ஓட்டுகிறவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் முதல் தொட்டியில், மேலாக இருந்த தண்ணீரில் தாளை நனைத்தேன். சிவப்பாகவே இருந்தது. ரிஜிஸ்டரில் முதல் தொட்டி, இரண்டாம் தொட்டி, மூன்றாம் தொட்டி என்று மூன்று கட்டத்திலும் சரி போட்டேன். கீழே கையெழுத்து. இதுதான் அந்தக் கையெழுத்து.

வட்டுகள் போய் நாலாம் நாள் காலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியது போர்மேன். எரிச்சலோடு பேசினார். ஒரு அறையில் நாலு பெண்கள் வேலை செய்ய மாட்டேன் என்று வெளியே உட்கார்ந்திருக்கிறார்களாம், பக்கத்து அறைக்காரிகளையும் கூப்பிட்டு வெளியே நிறுத்திவிட்டார்களாம், சீசன் நேரத்தில் இது என்ன கூத்து, உங்கள் வட்டு சுடுகிறது என்கிறாள் ஒருத்தி, வந்து நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அறைக்குள் இப்போது யாராவது இருக்கிறார்களா என்று. இல்லை என்றதும், நாங்கள் வரும்வரை யாரையும் கிட்டே விடாதீர்கள் என்று சொல்லி ஜீப்பை எடுக்கச் சொன்னார். நானும் ஏறிக்கொண்டேன்.

அந்தப் பெண் பெயர் மாரியம்மாள். நாற்பது வயதிருக்கும். பதினெட்டு வருஷமாகச் சக்கரம் சுற்றுகிறவள். வேப்பமரத்தடியில் மற்ற பெண்களோடு நின்றிருந்தாள். போர்மேன் அவளைப் பார்த்து, ஆபீசர் வந்துட்டார்ல, இப்பச் சொல்லு என்றார். சார் போர்மேனைக் கொஞ்சம் விலகச் சொல்லிவிட்டு, மண்ணிலேயே உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். மாரியம்மாளும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

அவள் சொன்னது இதுதான். முந்தின நாள் சுற்றி வைத்த சக்கரங்கள் ஈரம் காயாமல் தட்டில் நிழலில் இருந்தன. காலையில் அவற்றை வெயிலில் காயப்போடத் தூக்க வேண்டும். தட்டின் அடியில் முன்னங்கையைக் கொடுத்துத்தான் தூக்குவாள். மூன்று தட்டு தூக்கினாள். நாலாவது தட்டு கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

"வெயில் இன்னும் அங்கன எட்டலய்யா. ராத்திரியெல்லாம் நெழல்ல கெடந்த தட்டு. பிள்ளைக்குக் காச்ச அடிச்சா நெத்தி எப்படி இருக்கும், அம்புட்டுச் சூடு. அத இருந்த எடத்துலயே விட்டுட்டு, எல்லாரும் வெளிய வாங்கடின்னேன்."

போர்மேன் தானும் தொட்டுப் பார்த்ததாகவும், கோடையில் எல்லாம்தான் சுடும் என்றும் சொன்னார். சார் அவர் சொன்னதையும் எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து, அறையைச் சுற்றி இன்னும் அதிக தூரத்துக்கு எல்லாரையும் நகர்த்தச் சொன்னார். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லச் சொன்னார். போர்மேனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் செய்தார்.

நாங்கள் மரத்தடியில் நின்றோம். அரை மணி இருக்கும். அறை வாசலில் லேசாகப் புகை தெரிந்தது, யாரோ உள்ளே பீடி பிடிப்பதுபோல. அடுத்து ஒரு வெளிச்சம். பிறகு அறை முழுக்க ஒரே சீற்றம். சக்கரங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சுவரில் மோதிச் சுழன்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கூரைத் தகடு ஒன்று பறந்து காட்டில் விழுந்தது. பக்கத்து அறைகள் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்ததால் அங்கே தாவவில்லை. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

போர்மேன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாரியம்மாளின் உதடு மட்டும் அசைந்தது, சாமி பெயர் சொல்லியிருப்பாள். நான் மூன்றாவது தொட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜீப்பில் திரும்பும்போது சொல்லவில்லை. நிலையத்துக்குள் நுழைந்ததும் ரிஜிஸ்டரை எடுத்துப் போய் அவர் மேஜையில் விரித்து வைத்தேன். அவர் தாளையும் பென்சிலையும் எடுத்தார்.

"முதல் தொட்டியில மேல் தண்ணியில மட்டும் தாளை நனைச்சேன் சார். மத்த ரெண்டுலயும் நனைக்கல. மூணுக்கும் சரி போட்டேன்."

அவர் எழுதினார். லாரி லேட் என்றோ, ஆள் நின்றார் என்றோ நான் சொல்லவில்லை. அவையெல்லாம் அவருக்கே தெரியும். எழுதி முடித்து, கலக்கிவிட்டு நனைத்தீர்களா, கலக்காமலா என்று கேட்டார். கலக்காமல் என்றேன். அதையும் எழுதினார்.

பிறகு பென்சிலைக் கீழே வைத்தார். "உங்க அத்தா மண்டியில மூட்டைக்கு மாதிரி எப்படி எடுப்பாங்கக்கா?" என்று கேட்டார். அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேல் வத்தலைப் பார்த்து எந்த வியாபாரியும் விலை சொல்லமாட்டான். குத்தூசியை மூட்டையின் அடிவரை இறக்கி, மூன்று இடத்தில் இழுத்துப் பார்ப்பான். சின்னப் பிள்ளையில் இருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சொன்னேன். அவர் அதையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொண்டார். பின்னாளில் எங்கள் நிலையத்தின் சோதனை முறை அந்த வரியிலிருந்துதான் ஆரம்பித்தது. கலக்கி, அடியில், நடுவில், மேலே என்று ஒவ்வொரு தொட்டியிலும் மூன்று இடம். அதோடு நிற்காமல், அச்சடித்த வட்டையும் நொறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரையும் பார்ப்பது.

மறுநாளிலிருந்து அந்த லோடில் போன வட்டுகளைத் திரும்பப் பெறும் வேலை. அதில் கொஞ்சத்தை அந்தக் கம்பெனி வேறு இரண்டு கம்பெனிகளுக்கும் பார்க்கக் கொடுத்திருந்தது. சார் வேறு யாரையும் அனுப்பவில்லை. தானே போனார். ஒவ்வொரு முதலாளியிடமும், எங்கள் நிலையத்தில் அலசல் சரியில்லாமல் போய்விட்டது, வட்டைக் கொடுத்துவிடுங்கள் என்று நேராகச் சொன்னார். ஒருவர் திட்டினார். இன்னொருவர், இதை வெளியே சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று அக்கறையோடு சொன்னார். சார் இருவருக்கும் ஒரே மாதிரி நன்றி சொன்னார். கடைசி வட்டுவரை எண்ணி எடுத்துவந்து தண்ணீர்த் தொட்டியில் கரைத்தோம். மூன்றாம் தொட்டிக் கூழில் செய்தவை ஊறிய தண்ணீர், லிட்மஸ் தாளைப் பட்டென்று நீலமாக்கியது.

இரண்டு மாதம் கழித்து திட்டத்தின் மதிப்பீட்டுக் குழு வந்தது. டெல்லியிலிருந்து நாலு பேர். நிலையம் நீடிக்குமா மூடுமா என்பது அவர்கள் கையில். ஒவ்வொரு நிலையத்திலும் தலைவர் பேச இருபது நிமிஷம். சார் வெற்றிகளுக்கு ஐந்து நிமிஷம்தான் எடுத்துக்கொண்டார். மீதி நேரம் முழுக்க அந்தத் தீயைப் பற்றிப் பேசினார். சூடான தட்டு, நேரம், தண்ணீர், தொட்டி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். குழுவில் வயதான ஒருவர், சரி பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டார். நிலையத் தலைவர் நான், பொறுப்பு என்னுடையது என்றார் சார். பின் வரிசையில் இருந்து நான் எழுந்தேன். கையெழுத்து என்னுடையது, பார்க்காமல் போட்டேன் என்று சொன்னேன். சார் திரும்பிப் பார்த்தார். தடுக்கவில்லை.

அந்தப் பெரியவர் என்னை அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சாரைப் பார்த்து, இவ்வளவையும் சொன்ன பிறகு நாங்கள் ஏன் உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் தர வேண்டும் என்றார். அதற்குச் சார், எங்களுக்குத் தராவிட்டாலும் பரவாயில்லை, சோடாவில் வேகவைக்கிற மற்ற நிலையங்கள் எல்லாம் தங்கள் பொருளை நொறுக்கி ஊறப்போட்டுப் பார்க்கட்டும், அதற்கு மட்டும் உத்தரவு போடுங்கள் என்றார். உத்தரவு போட்டார்கள். வட மாநிலத்தில் ஒரு நிலையம் வேறொரு வேலைக்காகச் செய்த அட்டையிலும் காரம் நின்றிருந்தது தெரிந்து, வெளியே அனுப்புமுன் நிறுத்தினார்கள் என்று பிறகு கடிதம் வந்தது. எங்களுக்கு ஒரு வருஷம் கிடைத்தது.

அந்த வருஷத்தில் சார் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அலசலை ஒழுங்குபடுத்தி அதோடு விட்டிருக்கலாம். தண்ணீர் இல்லாத ஊரில், தண்ணீரை நம்பி ஒரு பாதுகாப்பை வைக்கக் கூடாது என்றார். சோடாவையே எடுத்துவிட்டார். வெறும் ஆவியில் வேகவைத்து, உலக்கை மாதிரி இடிக்கிற மிஷினில் நாரைப் பிரிக்கும் வழியைத் தேடினார். ஏழு மாதம் ஆயிற்று. வட்டு முன்னைப்போல வழவழப்பாக வரவில்லை. பழுப்பாக, கையில் குத்துகிற மாதிரி வந்தது. ஆனால் எந்த வட்டை எங்கே நொறுக்கி ஊறப்போட்டாலும் தாள் சிவப்பாகவே நின்றது. அலுமினியப் பவுடரோடு ஈரத்தில் வைத்துத் தெர்மாமீட்டரைச் செருகி, நாங்கள் முறை வைத்துப் பதினைந்து நாள் பார்த்தோம். பாதரசம் அசையவில்லை.

மறுபடி ஏழாயிரம்பண்ணைக்குப் போனோம். கம்பெனி முதலாளி ஒப்புக்கொண்டார். மாரியம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. சாரிடம் மரியாதையாகவே சொன்னாள்.

"ஐயா, நீங்க நல்லவுகதான். ஆனா தட்டத் தூக்குறது எங்க கையி. மொதல்ல நீங்க வந்து தூக்குங்க. அப்புறம் நாங்க தூக்குறோம்."

முதலாளி அவளை அதட்டப் போனார். சார், அவங்க கேட்டது நியாயம் என்றார். அதற்கும் தனியாக அனுமதி வாங்கி, சாரும் நானும் மூன்று நாள், திருத்திக் கட்டிய அந்த அறையில் வேலை பார்த்தோம். பருத்தித் துணி, வெறுங்கால், வளையல் கழற்றி வைத்த கை. உள்ளே போகுமுன், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். மாரியம்மாள் வாசலில் நின்று எப்படித் தூக்குவது என்று சொல்லிக்கொடுத்தாள். முன்னங்கையைக் கொடுத்து, தட்டை நெஞ்சோடு ஒட்டாமல், ஆட்டாமல். முதல் நாள் முதல் தட்டைத் தூக்கினேன். தட்டு சில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சியை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். நாலாம் நாள் காலையில் மாரியம்மாள் எங்களைக் கேட்காமல் உள்ளே போய்த் தட்டைத் தூக்கினாள்.

அந்தச் சீசனில் அந்தக் கம்பெனி எங்கள் வட்டில்தான் ஒரு ரகச் சக்கரம் போட்டது. எல்லா ரகமும் மாறவில்லை. பிளாஸ்டிக் ஒழிந்துவிடவுமில்லை. நாங்கள் நினைத்ததில் ஒரு பங்குதான் நடந்தது. ஆனாலும் அந்தப் பங்கு கெட்டியாக நின்றது.

திட்டம் முடிந்து அறிக்கை புத்தகமாக வந்தது. சார் எழுதியிருந்த முதல் வரைவில், மாதிரி எடுப்பதில் தவறு நேர்ந்தது என்று மட்டும் இருந்தது. யாரால் என்று இல்லை. சூட்டைக் கண்டுபிடித்தவர் பெயராக மாரியம்மாள், ஏழாயிரம்பண்ணை என்று முழுசாகப் போட்டிருந்தார். விஞ்ஞானிகள் பெயர் வரும் அதே எழுத்தளவில். நான் அவர் அறைக்குப் போய், கண்டுபிடித்தவருக்குப் பெயர் இருந்தால் தப்புச் செய்தவருக்கும் பெயர் வேண்டும் என்றேன். அவர் அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினார். நானே எழுதினேன்.

புத்தகம் வந்ததும் ஒரு படியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. மாரியம்மாள் வீட்டு வாசலில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஆறாவது வரை படித்தவள், இங்கிலீஷ் தெரியாது. பக்கத்தைத் திறந்து அவள் பெயரைத் தொட்டுக் காட்டி, முழு வரியையும் தமிழில் சொன்னேன். அவள் விரலை அந்த எழுத்துகள் மேல் வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

"தப்புப் பண்ணுனது யாருன்னு இதுல போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"யாரு?"

என் பெயரைத் தொட்டுக் காட்டினேன். அதுவரை அவளுக்கு அது தெரியாது. ஆபீசில் யாரோ என்றுதான் நினைத்திருந்தாள். மூன்று நாள் அவள் அறையில் நான் தட்டுத் தூக்கியபோதும் நான் சொல்லியிருக்கவில்லை. அவள் என் முகத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன்.

அவள் விரல் மறுபடியும் தன் பெயருக்கு வந்தது. அங்கிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறி என் பெயரில் நின்றது. ஆறு வரி.

"ரொம்பத் தூரம் இல்ல" என்றாள். பிறகு ஈரத் தலையை முடிந்துகொண்டு எழுந்தாள். "உள்ள வாங்க. சாப்பிட்டீகளா?"